உண்ணிச்செடியின் வரலாறு – 6: முதல்நாள் மஞ்சள்

தென் அமெரிக்காவிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் தனித்தனி இனங்களாக வளர்ந்துவந்த சில புதர்ச்செடிகள் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கப்பல்களேறி ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளுக்குப் போனதையும், அங்கே தோட்டக்கலைஞர்கள் அவற்றை ஒன்றோடொன்று கலந்து நூற்றுக்கணக்கான அலங்கார வகைகளை உருவாக்கியதையும், அவற்றில் சில 1809இல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை வந்தடைந்து, ஆடுமாடு வாய்வைக்காத அழகிய வேலிச்செடி என்ற நற்பெயரோடு நாடெங்கும் பரவியதையும் சென்ற பகுதிகள் விவரித்தன.

அந்தப் பயணத்தின் ஒரு முனை ஊத்துக்கோட்டை. ஆரணியாற்றைக் கடந்து நாகலாபுரத்துக்கும் சத்தியவேட்டுக்கும் பிரிந்து செல்லும் சாலைகளின் ஓரங்களிலும், அவற்றுக்கு அப்பால் ஆந்திர எல்லையைத் தொட்டுக் கிடக்கும் புதர்க்காடுகளிலும் உண்ணிச்செடி இன்று யாரும் நடாமலே வளர்கிறது, யாரும் நீர் ஊற்றாமலே பூக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த வாரங்களில் அதன் கொத்துகள்மீது மொய்க்கும் வண்ணத்துப்பூச்சிகளின் எண்ணிக்கையைக் கண்டால், இந்த மண்ணுக்கு வந்து இருநூறு ஆண்டுகளே ஆன செடி இது என்று நம்புவது கடினம்.

ஆனால் இது இயற்கையில் தோன்றிய ஒரே இனம் அல்ல. அமெரிக்கத் தாவரவியலாளர் ரோஜர் சாண்டர்ஸ் 2006இல் வெளியிட்ட வகைப்பாட்டு ஆய்வு, உலகெங்கும் களையாகப் பரவியிருக்கும் செடி லின்னேயஸ் 1753இல் பெயரிட்ட லான்டானா கமாரா என்னும் மூல இனம் அல்ல என்றும், பல இனங்களின் கலப்பில் தோட்டங்களில் உருவான வேறொன்று என்றும் வாதிட்டு, அதற்கு லான்டானா ஸ்ட்ரைகோகமாரா என்று தனிப் பெயரும் கொடுத்தது.

இரு வேறு இனங்களின் மகரந்தமும் சூலும் சேர்ந்து பிறக்கும் இத்தகைய செடியே கலப்பினம் எனப்படுகிறது. அதன் பூவுக்கு வடிவமும் நிறமும் கொடுத்தது யார் என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்த விடை தோட்டக்காரர் என்பது. இந்தப் பகுதி இரண்டாவது தேர்வாளரைப் பற்றியது.

தேர்வாளர் மாறிய வேளை

தோட்டக்காரரின் தேர்வு கண்ணைச் சார்ந்தது. பெரிய கொத்து, அழுத்தமான நிறம், ஒரே கொத்தில் இரண்டு மூன்று வண்ணங்கள் என்று எது பார்ப்பவரைக் கவர்ந்ததோ அதன் கிளையை வெட்டிப் பதியமிட்டார். மற்றவற்றைப் பிடுங்கி எறிந்தார். பூவில் தேன் உண்டா, விதை பிடிக்குமா, பூச்சி வருமா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம், ஏனெனில் செடியைப் பெருக்கும் வேலையை அவருடைய கத்தியே செய்தது.

வேலியைத் தாண்டிச் செடி காட்டுக்குள் நுழைந்த நாளில் இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. தண்டு வேர்பிடித்தும் புதர் அகலும் என்றாலும், தொலைவிலுள்ள புது இடத்தில் முளைப்பதற்கு விதை வேண்டும். அடுத்த தலைமுறை புதுச் சேர்க்கைகளோடு பிறப்பதற்கு ஒரு பூவின் மகரந்தம் வேறொரு செடியின் பூவின் சூல்முடியை அடையவேண்டும். மகரந்தத்தைச் சுமக்கும் உயிருக்கு எந்தப் பூ பிடிக்கிறதோ அந்தப் பூவின் இயல்புகள் அடுத்த தலைமுறையில் கூடுதலாகத் தோன்றும், பிடிக்காத பூவின் இயல்புகள் குறையும். இதுவே மகரந்தச் சேர்க்கையாளர்கள் வழியே நடக்கும் இயற்கைத் தேர்வு.

கலப்பினங்களில் இந்தத் தேர்வுக்குத் தனி வலிமை உண்டு. தூய இனமொன்றின் பூக்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பூச்சிக்குத் தேர்ந்தெடுக்க அதிகம் கிடைப்பதில்லை. கலப்பினத்தின் வழித்தோன்றல்களிலோ இரு பெற்றோரின் பண்புகளும் கலைந்து புதுப்புதுச் சேர்க்கைகளாக வெளிப்படுகின்றன. நிறம், குழலின் நீளம், தேனின் அளவு என்று ஒவ்வொன்றும் தனித்தனியே மாறிநிற்கும் பூக்களின் கூட்டம் ஒன்று பூச்சியின் முன் விரிகிறது.

உண்ணிச்செடியில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. அதன் குரோமோசோம்கள் பதினொன்றின் மடங்குகளாக அமைந்தவை; 22 கொண்ட செடியும் உண்டு, 33, 44, 55, 66 கொண்டவையும் உண்டு. 1967இல் டி. என். கோஷூவும் சி. மகாலும் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை, இந்தச் செடியின் இனப்பெருக்க முறை எவ்வளவு நெகிழ்வானது என்பதை இந்திய அறிவியலாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட செடி எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் பூச்சியின் விருப்பத்துக்கு எவ்வளவு பங்கு உண்டு என்று கேட்பதற்கான முதல் தடயம், அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரேசிலிலிருந்து வந்த ஒரு கடிதத்தில் இருந்தது.

1877: பிரேசிலிலிருந்து ஒரு கடிதம்

ஃபிரிட்ஸ் முல்லர் ஜெர்மனியில் 1821இல் பிறந்து, 1852இல் குடும்பத்தோடு பிரேசிலின் தென்பகுதிக்குக் குடிபெயர்ந்தவர். இயற்கைத் தேர்வுக் கொள்கைக்கு ஆதரவாக 1864இல் அவர் எழுதிய நூலைப் படித்த சார்லஸ் டார்வின், அதன் பின்னர் தம் இறுதிக்காலம்வரை அவரோடு கடிதத் தொடர்பைப் பேணினார். முல்லரிடம் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இருக்கவில்லை. காட்டோரத்தில் பொறுமையாக நின்று பார்க்கும் கண்களே அவருடைய கருவி.

அவர் பார்த்துக்கொண்டிருந்தவற்றுள் ஒன்று லான்டானா. அதன் ஒவ்வொரு கொத்தும் பல சிறு பூக்களால் ஆனது. ஓர வளையத்துப் பூக்கள் முதலில் விரிய, உள்வளையங்கள் அடுத்தடுத்த நாட்களில் விரிகின்றன. முல்லர் கண்ட செடியில் ஒவ்வொரு சிறு பூவும் மூன்று நாள் நின்றது. முதல்நாள் மஞ்சள், இரண்டாம்நாள் ஆரஞ்சு, மூன்றாம்நாள் ஊதா. ஆகவே ஒரு கொத்தை எந்த நேரத்தில் பார்த்தாலும் நடுவில் இளம் மஞ்சளும் ஓரத்தில் முதிர்ந்த ஊதாவுமாக, பூவின் மூன்று நாள் வாழ்க்கையும் ஒரே தட்டில் தெரிந்தது.

தீர்மானமான செய்தி இதற்கு அடுத்த வரிகளில் இருந்தது. சில வண்ணத்துப்பூச்சிகள் மஞ்சளிலும் ஆரஞ்சிலும் உறிஞ்சுகுழலை நுழைத்தன. வேறு சில முதல்நாள் மஞ்சளை மட்டுமே தொட்டன. ஊதாப் பூவைத் தொட்ட பூச்சி ஒன்றையும் அவர் காணவில்லை.

அப்படியானால் ஊதாப் பூ எதற்கு? வேலை முடிந்த பூவை அன்றே உதிர்த்துவிட்டால் கொத்து சிறுத்துப்போய்த் தொலைவிலிருந்து வரும் பூச்சியின் கண்ணில் படாது. நிறம் மாறாமல் நிறுத்திவைத்தால் வந்த பூச்சி தேனில்லாத பூக்களில் தேடித்தேடிக் காலத்தை வீணாக்கும். நிறத்தை மட்டும் மாற்றிப் பூவை நிறுத்திவைப்பதால் தொலைவிலிருந்து அழைப்பதும், அருகில் வந்தபின் சரியான பூவைக் காட்டுவதும் ஒருசேர நிறைவேறுகின்றன என்று முல்லர் விளக்கினார்.

கடிதத்தை டார்வின் நேச்சர் இதழுக்கு அனுப்பிவைத்தார். அது 1877 நவம்பரில் அச்சேறியது. அந்தச் சிறு குறிப்பு இன்றளவும் பூவின் நிறமாற்றம் பற்றிய ஆய்வுகளின் தொடக்கப் புள்ளியாக மதிக்கப்படுகிறது, அதற்கு அது முற்றிலும் தகுதியானது.

டெல்லியில் இலைப்பேன்

முல்லரின் குறிப்புக்குப் பின் நூறாண்டு கழித்து அதே கேள்வி இந்தியாவில் புதிய திசையில் எழுந்தது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையில் எச். ஒய். மோகன்ராமும் ஜி. மாத்தூரும் உண்ணிப்பூவின் குழலுக்குள் பார்த்தபோது, அங்கே வண்ணத்துப்பூச்சியைவிட மிகச் சிறிய ஒரு விருந்தாளி இருந்தது. மிளகாய்த் தோட்டங்களில் உழவர் இலைப்பேன் என்று அழைக்கும் கூட்டத்தைச் சேர்ந்த, மயிரிழை போன்ற சிறகுகள் கொண்ட, ஒன்றிரண்டு மில்லிமீட்டரே நீளமுள்ள பூச்சி அது.

1978இல் ஆனல்ஸ் ஆஃப் பாட்டனி இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, இந்த இலைப்பேன்களே அங்கே மகரந்தச் சேர்க்கையை நடத்துகின்றன என்றும், அவற்றை ஈர்ப்பதும் முதல்நாளின் மஞ்சள் நிறமே என்றும் காட்டியது. கண்டத்தாலும் உடல் அளவாலும் வாழ்க்கை முறையாலும் முற்றிலும் வேறுபட்ட இரண்டு பூச்சிக் கூட்டங்கள் ஒரே நிறத்தை நோக்கி வந்தன என்பது இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பங்களுள் ஒன்று.

1984இல் அவர்களே அந்த நிறமாற்றத்தின் வேதியியலையும் எழுதினார்கள். விரியும் பூவின் மஞ்சளுக்குக் காரணம் கரோட்டினாய்டு, அதாவது கேரட்டுக்கு நிறம் தரும் நிறமிகளின் குடும்பம். பின்னர் இதழ்களில் ஆந்தோசயனின் என்னும் செந்நீல நிறமி ஊறி மஞ்சளை மூடுவதால் ஆரஞ்சும் சிவப்பும் கருஞ்சிவப்பும் தோன்றுகின்றன. அந்த ஊற்றைத் திறப்பது மகரந்தச் சேர்க்கையே என்று அவர்கள் கண்டார்கள்.

தோட்டக்காரர் இரண்டு வண்ணத்துக்காகத் தேர்ந்தெடுத்த கொத்து, உண்மையில் பூச்சிக்காக உருவான பழைய ஏற்பாடு ஒன்றின் எச்சம். மூதாதை இனங்களில் இருந்த அந்த ஏற்பாட்டை அழகென்று எண்ணிக் காப்பாற்றியதன் மூலம், செடி காட்டுக்குள் தப்பியோடியபோது அதன் கையில் பூச்சிகளோடு பேசும் பழைய மொழியையும் கொடுத்தனுப்பினார்கள் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள்.

பின்னர் 1991இல் மார்த்தா வைஸ், இத்தகைய நிறமாற்றம் எழுபதுக்கும் மேற்பட்ட தாவரக் குடும்பங்களில் இருப்பதையும், பூச்சிகள் அந்த நிறக்குறிகளைப் பயன்படுத்திப் பூவைத் தெரிவுசெய்வதையும் நேச்சர் இதழில் எடுத்துக்காட்டினார்.

கலப்பினங்களின் முன் ஒரு சோதனை

எனினும் ஓர் இடைவெளி இருந்தது. பூச்சி மஞ்சளைத் தேர்கிறது என்பது வேறு. அந்தத் தேர்வு ஒரு கலப்பினக் கூட்டத்தின் பூவையே மாற்றும் அளவுக்கு வலிமையானது என்பது வேறு. இரண்டாவதை மெய்ப்பிக்க, பெற்றோர் இனங்களையும் அவற்றின் வழித்தோன்றல்களையும் ஒரே இடத்தில் நட்டு, காட்டு உயிர்களையே தீர்ப்பளிக்க விடவேண்டும். அந்தச் சோதனை கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் நடந்தது.

மிமுலஸ் என்னும் பேரினத்தின் இரண்டு இனங்கள் அங்கே வளர்கின்றன. லூயிசியை என்னும் இனத்தின் பூ இளஞ்சிவப்பு. வண்டுத்தேனீ வந்து அமர அகன்ற இதழ்களும் கொஞ்சம் தேனும் அதற்கு உண்டு. கார்டினாலிஸ் என்னும் இனத்தின் பூ சிவப்பு. இதழ்கள் பின்னோக்கி மடங்கியவை, தேன் ஏராளம், அதை நாடி வருவது ஹம்மிங் பறவை. இரண்டும் நெருங்கிய உறவினர்கள், கையால் மகரந்தமிட்டால் தடையின்றிக் கலக்கக்கூடியவர்கள். ஆனால் காட்டில் தேனீ ஒன்றையும் பறவை மற்றொன்றையும் நாடுவதால் பெரும்பாலும் பிரிந்தே நிற்கிறார்கள்.

டக்ளஸ் ஷெம்ஸ்கியும் டோபி பிராட்ஷாவும் இவ்விரண்டையும் கலந்து, அந்தக் கலப்பிலிருந்து இரண்டாம் தலைமுறையை எடுத்தார்கள். முதல் தலைமுறை பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். இரண்டாவதில்தான் பண்புகள் கலைந்து, சிவந்த அகன்ற பூ, வெளிறிய தேன்மிக்க பூ என்று எல்லாச் சேர்க்கைகளும் தோன்றும். அத்தகைய 228 செடிகளை மலைச்சரிவில் வைத்து, எந்தப் பூவுக்கு எந்த உயிர் வருகிறது என்று கணக்கெடுத்தார்கள்.

1999இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. இதழில் கரோட்டினாய்டைக் கூட்டும் ஒரு மரபணு வடிவம் தேனீக்களின் வருகையை 80 சதவீதம் குறைத்தது; தேனைக் கூட்டும் இன்னொரு மரபணு வடிவம் பறவைகளின் வருகையை இரட்டிப்பாக்கியது. அதாவது, பூவின் ஒவ்வொரு பண்புக்கும் அந்தக் காட்டில் தனித்தனியே விலை போடப்பட்டது.

நான்கு ஆண்டு கழித்து அவர்கள் இன்னும் துணிந்தார்கள். கரோட்டினாய்டு படிவதைக் கட்டுப்படுத்தும் ஒரே ஒரு மரபணுப் பகுதியை மட்டும், வழித்தோன்றல்களைப் பெற்றோர் இனத்தோடே மீண்டும் மீண்டும் கலக்கும் பின்கலப்பின் வழியே ஓர் இனத்திலிருந்து மற்றதற்கு மாற்றினார்கள். மற்றெல்லாம் பழையபடியே இருக்க நிறம் மட்டும் மாறிய பூக்கள் கிடைத்தன. இளஞ்சிவப்பாக மாற்றப்பட்ட கார்டினாலிஸ் பூவுக்குத் தேனீக்களின் வருகை 74 மடங்கு கூடியது; மஞ்சளும் ஆரஞ்சுமாக மாற்றப்பட்ட லூயிசியை பூவுக்குப் பறவைகளின் வருகை 68 மடங்கு கூடியது.

பரிணாமம் என்றாலே கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு மாற்றங்கள் யுகக்கணக்கில் சேர்வது என்று பழகிப்போன மனத்துக்கு இது பெரிய அதிர்ச்சி. ஒரே ஒரு நிற மாற்றம் செடியை ஒரு கூட்டாளியிடமிருந்து பிரித்து இன்னொரு கூட்டாளியிடம் சேர்த்துவிடும் என்றால், கலப்பினம் ஒன்றில் அத்தகைய மாற்றங்கள் டஜன்கணக்கில் ஒரே வேளையில் வெளிப்படும்போது என்ன நடக்கக்கூடும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

ஆரணியாற்றுப் பக்கத்துப் புதர்

இந்த வெளிச்சத்தில் ஊத்துக்கோட்டைப் பக்கத்து வேலியைப் பார்க்கவேண்டும். தென்னிந்தியப் புதர்க்காடுகளில் உண்ணிச்செடியின் இரண்டு நிற வகைகள் எளிதில் கண்ணில் படுகின்றன: மஞ்சள் நடுவும் இளஞ்சிவப்பு ஓரமும் கொண்டது ஒன்று, ஆரஞ்சும் அழுத்தமான சிவப்புமாக எரிவது மற்றொன்று. ஒரே சாலையோரத்தில், சில இடங்களில் கிளைகள் பின்னிக்கொள்ளும் நெருக்கத்தில், இரண்டும் நிற்பதுண்டு.

அங்கே வரும் அழகிகள் குடும்பத்து வண்ணத்துப்பூச்சி கொத்தின்மீது முழுமையாக அமர்வதில்லை. கால்களால் பூக்களை மெல்லப் பற்றியபடி, சிறகுகளை ஓயாமல் படபடத்துக்கொண்டே, சுருண்டிருந்த உறிஞ்சுகுழலை நீட்டி ஒரு சிறு பூவின் வாயில் நுழைக்கிறது. பூவின் குழல் சற்றே வளைந்தது, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம், ஊசி நுழையும் அகலம். தேன் அதன் அடியில். மகரந்தப் பைகளோ குழலுக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன. ஆகவே உறிஞ்சுகுழல் இறங்கி ஏறும்போது அதில் ஒட்டும் மகரந்தமே அடுத்த பூவுக்குப் போகிறது.

இந்தக் குடும்பத்துப் பூச்சிகளுள் சிவந்த உடலோடு கரிய சிறகு விரிக்கும் ரோஜா அழகிக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. அதன் புழு, கரிசல் வயலோரங்களில் படரும் ஆடுதீண்டாப்பாளை போன்ற செடிகளைத் தின்று வளர்கிறது. அதே செடிக் குடும்பத்தை உண்டு வாழும் அமெரிக்க உறவினப் பூச்சி ஒன்றை வைத்து, 1997இல் மார்த்தா வைஸ் லான்டானாப் பூக்களில் சோதித்தார். முன்பின் பூவையே கண்டிராத இளம் பூச்சிகூடப் பிறவியிலேயே மஞ்சளை நாடியது. ஆனால் வேறு நிறத்தில் தேன் கிடைத்தால் விரைவிலேயே பாடம் கற்று அந்த நிறத்துக்கு மாறியது.

கற்கும் திறன் என்ற இந்தச் சிறு செய்தி கணக்கையே மாற்றிவிடுகிறது. பூச்சியின் விருப்பம் கல்லில் பொறித்த சட்டம் அல்ல என்றால், இங்கே வளரும் செடியும் இங்கே பறக்கும் பூச்சியும் ஒன்றையொன்று பழக்கப்படுத்திக்கொள்ள இருநூறு ஆண்டுகள் போதுமானவையாக இருக்கக்கூடும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இன்னொரு சான்று தேனீயைப் பற்றியது. டேவ் கௌல்சனும் எல். சி. டெர்வென்டும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே உண்ணிச்செடிக்கு விதை பிடிப்பது ஐரோப்பியர் கொண்டுவந்த தேனீக்களின் எண்ணிக்கையோடு இணைந்து கூடியது என்று காட்டியது. வந்தேறிச் செடிக்கு வந்தேறித் தேனீ துணைநின்றது. இந்தியாவில் அந்தத் துணைக்குக் காத்திருக்கவேண்டிய தேவை செடிக்கு இருக்கவில்லை. மஞ்சளைக் கண்டதும் இறங்கும் அழகிகளும் வெள்ளையன் வண்ணத்துப்பூச்சிகளும் இலைப்பேன்களும் இங்கே முன்பே இருந்தன. புலிகள் வாழும் இந்தியக் காட்டுப் பரப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் இன்று இச்செடி ஊடுருவியிருப்பதற்கு உள்ளூர் உயிர்கள் கொடுத்த இந்த வரவேற்பும் ஒரு காரணமாகக் கருதப்படவேண்டும். அந்த வரவேற்பின் விலையை நாட்டுச் செடிகள் கொடுக்கின்றன என்பது வேதனையான உண்மை.

இரண்டு மரபணு ஆய்வுகள்

கதை இங்கே முடிந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்: தோட்டக்காரர் கலந்தார், பூச்சி தேர்ந்தது, செடி வென்றது. ஆனால் செடிகளின் மரபணுவையே படிக்கத் தொடங்கியபோது இந்த நேர்க்கோடு வளைந்தது.

அவிக் ராயும் சுஹேல் குவாடரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவெங்கும் சேகரித்த உண்ணிச்செடிகளில் மிகுந்த மரபணு வேறுபாட்டைக் கண்டது. செடி ஒரே முறை வந்து பரவியதல்ல, பலமுறை பல இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டது என்றும், வந்தபின் செடிக்கூட்டங்களுக்கிடையே மரபணுக்கள் தொடர்ந்து பரிமாறப்பட்டன என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். மகரந்தத்தைச் சுமந்தவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

பின்னர் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உமா ராமகிருஷ்ணனின் குழு, மரபணுத் தொகுதி முழுவதிலும் பரவிய குறியீடுகளைக் கொண்டு இதே செடியை ஆராய்ந்தது. உறவின் நெருக்கம் ஊரைப் பொறுத்து அமையும் என்பதே பொது எதிர்பார்ப்பு. பக்கத்துப் பக்கத்துச் செடிகள் நெருங்கிய உறவினராகவும், தொலைவில் உள்ளவை அயலாராகவும் இருக்கவேண்டும். கிடைத்ததோ வேறு. செடிகள் பூவின் நிறத்தைப் பொறுத்துக் குழுவாயின. தொலைவிலுள்ள தன் நிறத்துச் செடியோடு காட்டிய உறவை, அருகில் நின்ற வேற்று நிறத்துச் செடியோடு அவை காட்டவில்லை. தன் மகரந்தத்தாலேயே தானே சூலுறும் தற்சேர்க்கையின் அடையாளங்களும் அவற்றில் வலுவாக இருந்தன.

அப்படியானால் தோட்டக்காரர் பிரித்துவைத்த நிறக் குடும்பங்கள், அவருடைய கத்தி எட்டாத காட்டுக்குள்ளும் பிரிந்தே வாழ்கின்றன. தற்சேர்க்கை செடியைப் பூச்சியின் பிடியிலிருந்து ஓரளவு விடுவிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பூவோ இன்னும் தேனைச் சுரக்கிறது, முதல்நாளில் மஞ்சளை விரிக்கிறது, மூன்றாம்நாளில் அதை மூடுகிறது. பூச்சியை விலக்கிவிட்ட செடி ஒன்று இத்தனை செலவைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

சத்தியவேட்டுச் சாலையோரத்தில் இளஞ்சிவப்புக் கொத்திலிருந்து எழும் ரோஜா அழகி, உறிஞ்சுகுழலில் மகரந்தத்தோடு, இரண்டு முழம் தள்ளியிருக்கும் சிவப்புக் கொத்தில் இறங்குவதை எந்தத் தடையும் தடுப்பதில்லை. இரண்டின் முதல்நாள் பூவிலும் மஞ்சள் உண்டு, இரண்டின் குழலிலும் தேன் உண்டு. பூச்சி இரண்டையும் இணைத்துக்கொண்டே இருக்கும்போது, இத்தனை தலைமுறைகளாக அந்த இரண்டு நிறங்களையும் பிரித்துவைத்திருப்பது எது?

(அடுத்த வாரம் தொடரும்)